138ஐத் தமிழ் இலக்கத்தில் எழுதுவது எப்படி?

ரோமன் இலக்கங்களைக் கொழும்பில் யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மணிக்கூட்டு முகப்பில் இருக்கின்றன. வர்த்தமானியின் பகுதி, தொகுதித் தலைப்புகளில் இருக்கின்றன. ஆசிரியர் சேவைத் தரங்களிலும் பரீட்சை வினாத்தாள்களின் தலைப்பிலும் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட நான்கையும் ஒன்பதையும் கழித்து எழுதிக் காட்டும். அதே வீட்டில் பெரியவர் ஒருவரிடம் "தமிழ் இலக்கத்தில் பதினைந்து எழுதுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். பேனை பாதியில் நின்றுவிடும். ஒன்று முதல் ஒன்பது வரை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பத்தைத் தாண்டியதும்தான் சிக்கல்.

இணையத்தில் உள்ள மாற்றிகள் பலவற்றில் 138 என்று தட்டினால் ௧௩௮ என்று வரும். இலக்கத்துக்கு இலக்கம் உடுப்பு மாற்றிய வேலை அது. முழுப் பிழை என்று சொல்லமாட்டேன், அதற்கும் இன்றைக்கு ஒரு பாவனை உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் பழைய உறுதி, ஏடு, கணக்குப் புத்தகங்களில் 138 பெரும்பாலும் அப்படி இருக்காது. அங்கே அது ௱௩௰௮. ஏன் அப்படி, எப்படி எழுதுவது, எப்படித் திருப்பி வாசிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் குறிகள். மொத்தம் பன்னிரண்டு.

௧ 1, ௨ 2, ௩ 3, ௪ 4, ௫ 5, ௬ 6, ௭ 7, ௮ 8, ௯ 9
௰ 10, ௱ 100, ௲ 1000

பார்த்தவுடனேயே பாதி மனதில் நிற்கும், ஏனென்றால் பெரும்பாலானவை நமக்குத் தெரிந்த எழுத்துகளின் சாயலில் இருக்கின்றன. பழைய வாய்ப்பாட்டு ஒழுங்கு இது: க, உ, ங, ச, ரு, சா, எ, அ, கூ, ய. ஒன்று முதல் பத்து வரை இதே வரிசைதான். இரண்டு மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னால் பிடிபட்டுவிடும். ஒன்று க போல இருக்கும், ஆனால் வால் நீண்டு வளையும். நான்கு ச போல, அதற்கும் வால் உண்டு. ஐந்து ரு. ஏழு எ. எட்டு அ. ஒன்பது கூ. பத்து ய. ஆறைச் சா என்று மனதில் வைப்பது மரபு என்றாலும் அச்சில் பார்த்தால் சு போலத்தான் என் கண்ணுக்குப் படுகிறது. மூன்றும் அப்படித்தான்: வாய்ப்பாட்டில் ங, அச்சில் ந மாதிரி ஒரு தோற்றம். நூறு ள சாயல். ஆயிரம் மட்டும் எந்த எழுத்தோடும் இலேசாகப் பொருந்தாது, அதைப் படம் பார்ப்பது போலப் பார்த்தே மனதில் பதிக்க வேண்டும்.

சாயல் இருப்பதால் ஒரு தொந்தரவும் உண்டு. கல்யாண அழைப்பிதழின் உச்சியில் "உ" என்று போட்டு, கீழே "சிவமயம்" என்று எழுதியிருப்பார்களே, அது பிள்ளையார் சுழி, இரண்டு அல்ல. பழைய கணக்குக் கொப்பியின் முதல் தாளிலும் அது இருக்கும். புதிதாக வாசிக்கப் பழகுகிறவர்கள் அதை இரண்டு என்று எடுத்து, "இரண்டாம் பக்கம் என்றால் முதலாம் பக்கம் எங்கே?" என்று தேடுவார்கள். தாளின் தலையில் நடுவில் தனியாக நின்றால் சுழி, கணக்கு வரியில் நின்றால் இரண்டு. இடத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சரி, எழுதிப் பழக நல்ல ஒரு தொகுதி நமக்குக் கையிலேயே இருக்கிறது. கொழும்பின் தபால் வலயங்கள் ஒன்றிலிருந்து பதினைந்து வரை போகின்றன. கோட்டை ௧. கொம்பனித்தெரு ௨. கொள்ளுப்பிட்டி ௩. பம்பலப்பிட்டி ௪. ஹவ்லொக் டவுன் ௫. வெள்ளவத்தை ௬. கறுவாத்தோட்டம் ௭. பொரளை ௮. தெமட்டகொடை ௯. இதுவரை ஒரு குறி, ஓர் இடம். மருதானைக்கு வந்ததும் ௰. இங்கேதான் கவனம் வேண்டும்: பத்துக்கு இரண்டு குறி இல்லை. ஒன்றும் பூச்சியமும் சேர்த்து எழுதுவதில்லை. பத்து என்பதற்கே தனிக் குறி இருக்கிறது, அதை மட்டும் போட வேண்டும்.

புறக்கோட்டை கொழும்பு 11, ஆகவே ௰௧. புதுக்கடை ௰௨. கொட்டாஞ்சேனை ௰௩. கிராண்ட்பாஸ் ௰௪. மட்டக்குளி ௰௫. பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும், பத்தும் மூன்றும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம், கூட்டிக்கொள்கிறோம். தமிழ் இலக்கம் போட்ட சுவர் மணிக்கூடுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. ஒழுங்காகச் செய்தவற்றில் ஒன்பதுக்குப் பிறகு ௰, ௰௧, ௰௨ என்றுதான் இருக்கும். வாங்குவதற்கு முன்னர் அந்த மூன்று இடத்தையும் ஒருக்கால் பாருங்கள். ஐந்தையும் ஆறையும் மாற்றிப் போட்டவையும் கிடைக்கின்றன.

பதினைந்து வரை கூட்டல் மட்டும் போதும். இருபதுக்குப் போனால் பெருக்கல் வருகிறது. இருபது என்றால் இரண்டு பத்து. ஆகவே ௨௰. முப்பது ௩௰, நாற்பது ௪௰, தொண்ணூறு ௯௰. இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

௰௨ = 12
௨௰ = 20

குறிகள் ஒன்றுதான், ஒழுங்கு வேறு. சிறியது பெரியதற்குப் பின்னால் வந்தால் கூட்டு. சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் பெருக்கு. முழு முறையும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் பழக்கம்.

ரோமன் முறை தெரிந்தவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். அங்கே சிறியது முன்னால் வந்தால் கழிக்க வேண்டும். ஐந்துக்கு முன்னால் ஒன்று வந்தால் நான்கு, பத்துக்கு முன்னால் ஒன்று வந்தால் ஒன்பது. அந்தப் பழக்கத்தில் ௨௰ என்பதைப் பார்த்தால் "பத்தில் இரண்டு கழித்தால் எட்டு" என்று கை ஓடும். தமிழில் கழித்தலே கிடையாது. அதோடு ரோமனில் மூன்று நூறு என்றால் நூறின் எழுத்தை மூன்று தரம் எழுத வேண்டும். தமிழில் ௩ போட்டு ௱ போட்டால் முடிந்தது. 1888ஐ ரோமனில் எழுதப் பதின்மூன்று எழுத்து வேண்டும். தமிழில் ௲௮௱௮௰௮, ஆறு குறி. யாருக்காவது இரண்டு முறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தால் தமிழை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்பேன். கழித்தலை அவிழ்த்துவிட்டு வருவதைவிட இது சுகம்.

இப்போது பஸ் இலக்கங்களுக்கு வருவோம். காலி வீதியில் நின்றால் 100உம் 101உம் மாறி மாறி வரும். 100 என்றால் வெறும் ௱. முன்னால் ௧ தேவையில்லை, வாயிலும் "நூறு" என்றுதான் சொல்கிறோம். 101 என்றால் ௱௧. அப்புறம் நுகேகொடைப் பக்கம் போகிறவர்களின் 138.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கீழ்வீட்டுப் பிள்ளை இந்த 138ஐ வைத்துக்கொண்டு முழித்தபோது அவர் சொன்ன வழியைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. "பிள்ளை, இலக்கத்தைப் பாராதையும். முதல்லை வாயாலை சொல்லும். சொன்னதை அப்பிடியே எழுதும்" என்றார். பிள்ளை "நூற்றி முப்பத்தெட்டு" என்றது. "நூறு எழுதும்." ௱. "முப்பது எண்டால் எத்தினை பத்து?" மூன்று பத்து: ௩௰. "எட்டு?" ௮. கொப்பியில் ௱௩௰௮ என்று வந்துவிட்டது. "டீச்சர், பூச்சியம் எங்கை?" என்று கேட்டது பிள்ளை. "நீர் சொல்லேக்கை பூச்சியம் சொன்னனீரோ? இல்லைத்தானே. பிறகேன் எழுத?"

அதுதான் இந்த முறையின் உள்ளடக்கம். நாம் இன்று பாவிக்கும் 1, 2, 3 முறையில் இடம் பேசுகிறது: மூன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே அது முப்பதா, முந்நூறா என்று தெரியும். வெறும் இடத்தை நிரப்பப் பூச்சியம் வேண்டும். பழைய தமிழ் முறையில் இடத்துக்கு வேலை இல்லை. பத்து, நூறு, ஆயிரம் என்று வாய் சொல்கிற அலகுகளுக்கே குறி இருக்கிறது. வாய் சொல்கிற ஒழுங்கில் கை எழுதுகிறது.

மற்ற பஸ்களையும் இப்படியே எழுதிப் பார்க்கலாம். 155 நூற்று ஐம்பத்தைந்து: ௱௫௰௫. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை போகும் 177: ௱௭௰௭. 255 இருநூற்று ஐம்பத்தைந்து: இரண்டு நூறு ௨௱, ஐந்து பத்து ௫௰, ஐந்து ௫. சேர்த்தால் ௨௱௫௰௫. நூறு ஒன்றுக்கு மேல் போனதும் அதற்கு முன்னால் பெருக்கும் இலக்கம் வந்து நிற்பதைப் பாருங்கள். இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு எல்லாவற்றிலும் இரண்டும் மூன்றும் நான்கும் ஐந்தும் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. காதைத் தீட்டிக் கேட்டால் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் காது நம்மைக் கவிழ்க்கும். அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழகியவர்கள்கூட அங்கே விழுகிறார்கள்.

190 என்று ஒரு பஸ் இலக்கம் இருக்கிறது. வாயால் சொன்னால் "நூற்றித் தொண்ணூறு". இரண்டு தரம் நூறு கேட்கிறது. சொன்னதை அப்படியே எழுதப் போனால் ௱௯௱ என்று கை எழுதும். அது பிழை. தொண்ணூறு என்ற சொல்லின் வாலில் நூறு இருந்தாலும் அதன் பெறுமதி ஒன்பது பத்து. ஆகவே ௯௰. 190 என்றால் ௱௯௰. அதேபோலத் தொள்ளாயிரம் என்ற சொல்லின் வாலில் ஆயிரம் இருக்கிறது, பெறுமதி ஒன்பது நூறு. அதனால் ௯௱. ஒன்பதாயிரம் என்றால்தான் ௯௲.

எழுபது, எண்பது என்று பத்தாகவே போய்க்கொண்டிருந்த வரிசை ஒன்பதில் வந்ததும் ஒரு படி மேலே தாவிவிடுகிறது. எழுநூறு, எண்ணூறு என்று போய்த் தொள்ளாயிரத்தில் அதே தாவல். ஒன்பது என்ற சொல்லையே உற்றுப் பாருங்கள், அதன் வாலில் பத்தின் சாயல் தெரியும். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றுமே அடுத்த படியின் பெயரைச் சுமந்துகொண்டு கீழ்ப் படியில் நிற்கின்றன. எழுத்து அப்படித் தாவவில்லை. ௯, ௯௰, ௯௱ என்று மரியாதையாகவே போகிறது. எனவே ஆசிரியையின் விதிக்கு ஒரு வால் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொல்வதை எழுது, ஒன்பது வந்தால் மட்டும் ஒரு கணம் நின்று எழுது.

பழக இரண்டு ஆண்டுகள் தருகிறேன். 1990: ஆயிரம் ௲, தொள்ளாயிரம் ௯௱, தொண்ணூறு ௯௰. சேர்த்தால் ௲௯௱௯௰. 1999 அதோடு ஓர் ஒன்பது: ௲௯௱௯௰௯. இந்த இரண்டையும் பார்க்காமல் எழுத முடிந்தால் மற்றவை ஒன்றும் பெரிய காரியமில்லை.

பூச்சியம் தேவையில்லை என்றேன். இடையில் பூச்சியம் வரும் இலக்கத்தை எழுதும்போதுதான் அது முழுதாக விளங்கும். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த கல் அது, மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹே காலத்தது. பொறித்த ஆண்டு 1409. காலியில் மதகு ஒன்றில் பாவிக்கப்பட்டுக் கிடந்த அந்தக் கல் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த முறை அங்கே போனால் தமிழ்ப் பகுதிக்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இப்போது அந்த 1409. ஆயிரத்து நானூற்று ஒன்பது. ௲, ௪௱, ௯. எழுதினால் ௲௪௱௯. பத்தின் இடத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே பத்தின் குறியும் இல்லை. இல்லாததைச் சொல்ல ஒரு குறி வேண்டியதில்லை, விட்டுவிடுவதே போதும். 1911 ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று: ௲௯௱௰௧. இங்கே ௰ முன்னால் ௧ இல்லாமல் நிற்கிறது, அதற்கு முன்னால் உள்ள ௱ பெரியது, ஆகவே கூட்டல். நூதனசாலை திறந்த 1877 என்றால் ௲௮௱௭௰௭. சுதந்திரம் கிடைத்த 1948 என்றால் ௲௯௱௪௰௮. இரண்டாயிரத்துக்குப் பிந்தியவை இன்னும் சுருக்கம்: 2005 வெறும் ௨௲௫. மூன்றே குறி. 2025 ௨௲௨௰௫.

ஆயிரத்தைத் தாண்டினால் என்ன செய்வது? புதிய குறி இல்லை, ஆயிரத்துக்கு முன்னால் நிற்கும் பெருக்கும் இலக்கத்தைப் பெரிதாக்க வேண்டியதுதான். பத்தாயிரம் ௰௲. வீட்டு வாடகை 45,000 என்றால் நாற்பத்தையாயிரம், நாற்பத்தைந்தை எழுதி ஆயிரத்தைப் போடுகிறோம்: ௪௰௫௲. 12,500 என்றால் ௰௨௲௫௱.

இலட்சத்துக்கு வரும்போது நம் வாய் இன்னொரு தந்திரம் செய்கிறது. நாம் "ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம்" என்கிறோம். எழுதும்போது அதை நூற்று இருபத்தையாயிரம் என்று மாற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்போது ௱௨௰௫௲ என்று வரும். ஓர் இலட்சம் நூறாயிரம், அதாவது ௱௲. பத்து இலட்சம் ௰௱௲. கோடி ௱௱௲, நூறு தரம் நூறாயிரம். இதற்கு மேல் போகிறவர்கள் எழுத்தாலேயே எழுதிவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஒன்று மட்டும்: ௱௲ என்பதும் ௲௱ என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஓர் இலட்சம், இரண்டாவது ஆயிரத்து நூறு. கடன் பத்திரத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திருப்பி வாசிப்பதற்கு வருவோம். எழுதுவதைவிட இது கொஞ்சம் கடினம், ஆனால் உண்மையில் தேவைப்படுவது இதுதான். அம்மப்பா வைத்துவிட்டுப் போன உறுதியோ சாதகமோ ஒரு நாள் அலுமாரிக்குள்ளிருந்து வெளியே வரும், அப்போது எழுதத் தெரிவதைவிட வாசிக்கத் தெரிவது உதவும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் குழம்பும். முதலில் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து ௲ எங்கே என்று தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் எத்தனை ஆயிரம் என்பதைச் சொல்கிறது. அதை ஒரு தனி இலக்கமாக வாசித்து ஒதுக்கிவையுங்கள். பிறகு வலப்பக்கத்தில் ௱ தேடுங்கள், பிறகு ௰, மிச்சம் இருப்பது ஒன்றுகள்.

௪௰௫௲௩௱௬௰ என்று ஒரு தொகை இருக்கிறது என்று வைப்போம். ௲க்கு இடப்பக்கம் ௪௰௫, நாற்பத்தைந்து. ஆகவே நாற்பத்தையாயிரம். வலப்பக்கம் ௩௱, முந்நூறு. பிறகு ௬௰, அறுபது. ஒன்றுகள் இல்லை. 45,360. இன்னொன்று: ௱௨௰௫௲௭௱. இதில் ௱ இரண்டு தரம் வருகிறது. ௲வைப் பிடித்தால் பயமில்லை: இடப்பக்கம் நூற்று இருபத்தைந்து, வலப்பக்கம் எழுநூறு. 125,700. ௲க்கு இடப்பக்கம் ஒன்றுமே இல்லாவிட்டால் அது ஓர் ஆயிரம். ௱, ௰ இரண்டுக்கும் முன்னால் பெருக்கும் இலக்கம் இல்லாவிட்டால் அவையும் ஒரு நூறு, ஒரு பத்து.

பழைய தாள்களில் இலக்கங்களோடு வேறு சில குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை இலக்கம் என்று நினைத்துக் கூட்டிவிடக் கூடாது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹. பற்று என்பதற்கு ௶, வரவு என்பதற்கு ௷. ஆகவே ஓர் உறுதியின் தலையில்

விசுவாவசு ௵ ஆவணி ௴ ௰௫ ௳

என்று இருந்தால் விசுவாவசு வருடம், ஆவணி மாதம், பதினைந்தாம் நாள். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் அந்த வரியை மட்டும் வைத்து எந்த நூற்றாண்டு என்று சொல்ல முடியாது, உறுதியில் வேறெங்காவது ஆங்கில ஆண்டோ சக ஆண்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்தும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ௧உம் ௪உம் வால் நீட்டலில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அப்படி மயங்கினால் அதே தாளில் அதே கையால் எழுதிய, சந்தேகமில்லாத இன்னோர் ௧ஐத் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். உருப்பெருக்கியை விட அது உதவும்.

இனி முன்னர் தள்ளிவைத்த விடயம். ௧௩௮ என்று எழுதுவது எந்த வகை?

தமிழ்க் குறிகளையே எடுத்துக்கொண்டு, நடப்பு முறையைப் போல இடத்தை வைத்து எழுதுவது அது. அதற்குப் பூச்சியம் கட்டாயம், ஆகவே ௦ என்ற குறியும் சேர்க்கப்பட்டது. 2025ஐ அந்த முறையில் எழுதினால் ௨௦௨௫. கணினி உலகம் இந்த இரண்டையும் இரண்டு தனி எண்முறையாகவே வைத்திருக்கிறது: ஒன்று தமிழ் இலக்கங்களால் எழுதும் தசம முறை, மற்றது மரபு முறை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் இடம் ஒதுக்கும் பொது அட்டவணையான யூனிகோடில் ௧ முதல் ௯ வரை வரிசையாக இருக்கின்றன, அதற்கு அடுத்த மூன்று இடத்தில் ௰, ௱, ௲. பூச்சியத்துக்கு உரிய இடம் ௧க்கு முன்னால் நீண்ட காலம் வெறுமையாகவே இருந்தது. 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் அங்கே ௦ ஏறியது. மரபு முறைக்குப் பூச்சியம் வேண்டியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

எது சரி என்று கேட்டால், இரண்டும் அதனதன் இடத்தில் சரி. பக்க இலக்கம் போடவும் பெருக்கல் வகுத்தல் செய்யவும் தசம முறை இலகு. அழைப்பிதழ், நினைவுக் கல், மணிக்கூடு என்றால் என் தெரிவு மரபு முறை. எப்படியும் யாரோ நின்று பார்த்து வாசிக்கத்தான் அதைப் போடுகிறோம், அப்படியானால் பழையதையே போடலாமே. ஆனால் கலக்கக் கூடாது. ௨௦௨௰௫ என்று பூச்சியமும் பத்தும் ஒரே ஆண்டில் கை கோத்து நிற்கும் அழைப்பிதழ்கள் வருகின்றன. அது எந்த முறையிலும் 2025 இல்லை. அச்சகத்தில் கொடுக்கும்போது இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, மாதிரி வந்ததும் குறி குறியாகச் சரிபாருங்கள். இன்னொன்று, அச்சுக் கோப்பவர் ௨ கிடைக்காமல் உ தட்டியிருப்பார், ௧க்குப் பதில் க. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இணையத்தில் தேடும்போதும் வரிசைப்படுத்தும்போதும்தான் அது எழுத்தாக நடந்து குழப்பும்.

நம் நாட்டில் இதற்கு ஓர் உறவுமுறை உண்டு. கண்டி இராச்சியம் 1815இல், அதாவது ௲௮௱௰௫இல், முடிவுக்கு வரும்வரை சிங்களத்தில் சிங்கள இலக்கம் என்றே ஒரு தனி முறை அரச ஆவணங்களில் இருந்தது. அதிலும் பூச்சியம் இல்லை, அதிலும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி. வித்தியாசம் பத்துகளில். சிங்களத்தில் பத்து, இருபது, முப்பது என்று தொண்ணூறு வரை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறி. ஆகவே மொத்தம் இருபது குறிகள். தமிழ் ஒரே ௰ஐ வைத்துக்கொண்டு பெருக்கிச் சமாளித்ததால் பன்னிரண்டோடு நின்றது. சிங்கள முறையில் 138ஐ மூன்று குறியில் எழுதிவிடலாம், தமிழில் நான்கு வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டியது யாருக்கு அதிகம் என்பது வேறு கதை. அந்தக் குறிகள் 2014இல் யூனிகோடின் 7.0 பதிப்பில் சேர்ந்தன. கொழும்பில் சிங்கள நண்பர்களிடம் இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள், அவர்களுக்கும் இது பள்ளிக்கூடத்தில் வந்த விடயம் இல்லை.

பின்னங்களைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் முறையில் அவற்றுக்கும் தனிப் பெயரும் குறியும் உண்டு: முக்கால், அரை, கால், அரைக்கால் என்று இறங்கி மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. தொடக்கத்திலேயே இவற்றை ஏற்றிக்கொள்ள வேண்டாம், முழு இலக்கங்கள் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல குறிகளுக்கு 2019இல் வந்த யூனிகோடின் 12.0 பதிப்பில்தான் இடம் கிடைத்தது, அதனால் பல ஃபோன்களில் இன்னும் வெறும் பெட்டிகளாகவே தெரியும்.

ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் அது நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. காலுக்குக் குறி வ. எட்டுக்கு அ. ஆகவே எட்டேகாலை எழுதினால் அவ. யாரையாவது "எட்டேகால் லட்சணம்" என்று திட்டினால் அது அவலட்சணம். தமிழ் இலக்கம் தெரியாத ஆளை இப்படித் திட்டினால் அவர் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாலும் சிரிப்பார்.